முழங்கைக்கு வந்த சங்கிலி வாள்

டிரசரய்யாவுக்கு,

நேற்று ஆயர் ஈத்தாம் பசாரில், பழைய சாமான் விற்கிற பாய் ஒருவர் விரித்திருந்த கோணியில் அதைப் பார்த்தேன். துருப்பிடித்த பூட்டுகள், காது போன வாணலி, ஓடாத கடிகாரம், நடுவில் அது. ஒரு முழம் வராத சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் கடுகு அளவில் ஒரு பல். இரண்டு முனையிலும் கறுப்புக் கைப்பிடி.

"என்ன பாய் இது?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"நாய்ச் சங்கிலி பெரியவரே. சின்ன நாய்க்கு."

"பல்லு இருக்கே?"

"கடிக்கிற நாய் லா." அவரே சிரித்தார். பிறகு அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காட்டுல மரம் அறுக்க வெள்ளைக்காரன் சங்கிலி வாள் கொண்டாந்திருக்கானாம். தூக்க ரெண்டு ஆளு வேணுமாம். இது அது போட்ட குட்டியோ என்னவோ" என்றார்.

மரத்துக்கு வருவதற்கு முன்பே அது மனிதன் எலும்புக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இவருக்கு எங்கிருந்து கிடைத்தது, யார் கொண்டுவந்து போட்டது என்றுதான் என் புத்தி ஓடியது. வாங்காமல் வந்துவிட்டேன். என் புத்தி எப்படி ஓடும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

எனக்கு எழுத்துத் தெரியாது. சூலியா தெருவில் மனு எழுதுகிறவர் ஒருவரிடம் சொல்லி இதை எழுதுகிறேன். பத்திக்குப் பத்தி திருப்பி வாசிக்கச் சொல்கிறேன். "எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொள்கிறார். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறோம், எழுதுங்கள் என்றேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் காயம் கட்டுகிற டிரசர், நான் அறுக்கிற ஆயுதங்களை வேகவைத்துத் துடைத்து அடுக்குகிறவன். உங்களிடம் காகிதத்தில் பட்டியல் இருந்தது. என்னிடம் கண்தான். எந்தக் கத்தி எந்தப் பள்ளத்தில் கிடக்கும், எந்த இடுக்கியின் முனை வளைந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால்தான் அந்தச் சின்னச் சங்கிலிப் பெட்டி வெள்ளிக்கிழமை அலமாரியிலிருந்து போவதும், திங்கட்கிழமை திரும்பி வருவதும் என் கண்ணில் பட்டது. திரும்பி வந்த சங்கிலியின் கண்ணிகளுக்குள் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். எலும்பு.

ஆஸ்பத்திரிக்கு வெளியே யாருடைய எலும்பை அறுக்கிறீர்கள்? அந்த ஒரு கேள்வி போதும், எனக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்து டிராமில் ஏறியபோது நானும் ஏறினேன். ஆயர் ஈத்தாமில் இறங்கி, ஒரு கசாப்புக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போனீர்கள். கதவைச் சாத்தினீர்கள். கிர்ர், கிர்ர் என்று அந்தச் சத்தம், நான் வருஷக்கணக்கில் கேட்ட சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ரத்தம் ஊறிய துணிமூட்டையோடு வெளியே வந்தாள். நான் நிற்கவில்லை. திருட்டு வைத்தியம் பார்க்கிறீர்கள், ஏழைகளை அறுக்கிறீர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் பெட்டி திரும்பி வந்ததும் அதை எடுத்துக் கிழிந்த போர்வைகள் மடித்து வைக்கிற அலமாரியில் அடியில் செருகினேன். அந்த அலமாரியைத் தொடுகிறவன் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை நீங்கள் தேடித் தவிக்கும்போது துரை டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது என் திட்டம்.

ஆனால் வியாழக்கிழமையே மாரி ஆபரேஷன் மேசைக்கு வந்தான்.

மாட்டுவண்டிக்கார மாரி. வலது முழங்கை உள்ளேயே அழுகிச் சீழ் வைத்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, கைய எடுத்துருவாங்களா?" என்று கேட்டான்.

"துரை பாத்துச் சொல்லுவாரு."

"ரெண்டு மாடும் இந்தக் கைக்குத்தான் நிக்கும். இது போச்சுன்னா மாட்டையும் வித்துட்டு நான் கோயில் வாசல்ல உக்கார வேண்டியதுதான்."

கையை எடுப்பதாகத்தான் இருந்தது. மயக்க மருந்து கொடுத்த பிறகு துரை அவன் விரல்களைத் தடவிப் பார்த்தார். கை சூடாக இருந்தது, நாடி ஓடியது. முழங்கை மூட்டை மட்டும் அறுத்து எடுத்தால் கை பிழைக்கும் என்றார். "சின்னச் சங்கிலி" என்று கையை நீட்டினார்.

நீங்கள் அலமாரியைத் திறந்தீர்கள். காலியான பள்ளத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லைங்க துரை."

துரை பெருமூச்சு விட்டார். "அப்படியானால் பெரிய வாள்." அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், மாரியைத் தவிர. நீங்கள் பெரிய வாளை எடுத்தீர்கள். துணியால் ஒரு தரம் துடைத்தீர்கள். மறுபடியும் துடைத்தீர்கள்.

"போர்வை அலமாரியில பாத்த ஞாபகம்" என்றேன். ஓடினேன்.

கொதிக்கிற தண்ணீரில் சங்கிலியைப் போட்டேன். நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். துரை சங்கிலியின் ஒரு கைப்பிடியைக் கழற்றி, வளைந்த ஊசியில் கோத்து எலும்புக்கு அடியில் இழுத்து மறுபக்கம் எடுத்தார். கைப்பிடியைத் திரும்ப மாட்டினார். அதுவரைக்கும் அவர். பிறகு இரண்டு கைப்பிடியையும் உங்களிடம் கொடுத்தார்! நீங்கள் கைகளை அகல விரித்து, சங்கிலி மடங்காமல், சிக்காமல், ஒரே சீராக இழுத்தீர்கள். நான் கையிலிருந்து வெந்நீர் சொட்டச் சொட்ட நின்றேன். சதையில் ஒரு கீறல் விழவில்லை. எலும்பு உள்ளிருந்து மேலே அறுபட்டு வந்தது.

பின்கட்டில் கை கழுவும்போதுதான் பேசினீர்கள்.

"தலையில துண்டப் போட்டுக்கிட்டா ஆளு தெரியாதாய்யா? டிராம்ல ரெண்டு பெஞ்சு தள்ளி உக்காந்திருந்தே."

நான் சொம்பில் தண்ணீர் மொண்டு உங்கள் கையில் ஊற்றினேன்.

"ஆட்டுக்கால். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டுக்கால். கொட்டகைக்காரர் சும்மா தர்றாரு, எலும்ப அவர் சம்சாரம் அள்ளிக் கொட்டுறாங்க. இழுத்து இழுத்துப் பழகுறேன். துரைக்குக் கை நடுங்குது. உனக்குத் தெரியலையா? எல்லாத்தையும் பாக்குற கண்ணாச்சே!"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டு எடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்றேன்.

"எதுக்குன்னு கேப்பாங்க. அவர் கை நடுங்குறத நான் வாயால சொல்லணுமா?"

மாரியின் கை இரண்டு விரற்கடை குட்டையாயிற்று. முழங்கை தொளதொளவென்று ஆடும். ஆனாலும் கயிறு பிடித்தான். நீங்கள் வேலையை விட்டுக் கெப்பாலா பத்தாஸ் ஊருக்குப் போய், அங்கேயே காலமான செய்தியைக் கொண்டுவந்தவனும் அவன்தான், வண்டியை என் வாசலில் நிறுத்திவிட்டு.

ஐயா, உங்களைத் தப்பாக நினைத்தேன், அது முடிந்தது. ஒன்று மட்டும் முடியவில்லை. டிராமில் என்னைக் கண்டவர் நீங்கள், சங்கிலி என்னிடம்தான் இருக்கிறது என்று அந்த நேரம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் பெரிய வாளைத் துடைத்தீர்கள். நான் வாய் திறக்காமலே இருந்திருந்தால் நீங்கள் திறந்திருப்பீர்களா? துரையின் நடுக்கத்தை மறைத்த மாதிரி என் திருட்டையும் மறைத்து, மாரியின் கையை விட்டுக் கொடுத்திருப்பீர்களா? அதற்குப் பிறகும் பல வருஷம் ஒரே அறையில் வேலை செய்தோம். கேட்டிருக்கலாம். 'ஆமாம்' என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். இன்றைக்கும் உங்களை முழுதாக நம்ப முடியவில்லை, என்னையும்தான்.

அன்றிலிருந்து யாராவது என் எதிரில் பேசாமல் நின்றால், செய்தது, செய்யாதது எல்லாவற்றையும் நானே முதலில் கொட்டிவிடுகிறேன். பாதி நேரம் அவர்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கத்தான் வந்திருப்பார்கள்.