எழுபத்தேழு ரூபாயை வாங்க ஆளில்லை

ஜனவரி 8, 2025
பாறசாலை வங்கியில் வீட்டுக்கடன் இல்லை என்றுவிட்டார்கள். என் கிரெடிட் ஸ்கோர் 561. குறைந்தது எழுநூறு வேண்டுமாம். பதினைந்து வருடமாக லேபில் ஊராருக்கெல்லாம் சுகர், கொழுப்பு என்று எண் எழுதிக் கொடுக்கிறேன். எனக்கே இப்படி ஒன்று இருப்பது இன்றுதான் தெரியும். திருப்புறத்தில் ஐந்து சென்ட் நிலமும் வீடும் பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. ஏப்ரல் முப்பதுக்குள் பத்திரம் முடியாவிட்டால் அது போகும். இங்கே பொழியூரில் எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு வீடுகளைக் கடல் எடுத்துவிட்டது. அடுத்தது நாங்கள்.

ஜனவரி 10
கிரெடிட் அறிக்கையைப் பார்த்தேன். 2019இல் ஃபிரிட்ஜ் வாங்கிய கடனின் தவணையை முடித்தபோது ஏதோ கட்டணம் இருபத்து மூன்று ரூபாய் நின்றிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. வட்டியோடு இப்போது எழுபத்தேழு. ஆறு வருடமாக மாதாமாதம் "கட்டவில்லை" என்று பதிவு. இன்றைக்கு மீன் வாங்கியதே இருநூறுக்கு!

ஜனவரி 20
541. என் வீட்டுக்காரர் ஜினு, வேறு எங்காவது கடன் கிடைக்குமா என்று என் பெயரில் ஐந்து கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். ஒவ்வொருத்தன் விசாரிக்கும்போதும் ஸ்கோர் இறங்குமாம். "நான் சும்மா கேட்டதாக்கும்" என்கிறார். சும்மா! இந்த மனுசன வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?

ஜனவரி 27
ஃபிரிட்ஜுக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் திருவனந்தபுரம் அலுவலகம். (நெய்யாற்றின்கரைக் கிளை இப்போது பேக்கரி.) எழுபத்தேழை நீட்டினேன். நூறுக்குக் கீழே சிஸ்டம் எடுக்காதாம். அப்படியானால் நூறாக எடுங்கள் என்றேன். பாக்கிக்கு மேலேயும் எடுக்காதாம். மேலாளர் இரக்கப்பட்டு, "தள்ளுபடி செய்துடட்டுமா?" என்றார். தள்ளுபடி என்று பதிவானால் ஸ்கோர் இன்னும் கெடும். "சாரே, மன்னிச்சிராதீங்கோ" என்று கைகூப்பினேன்.
கடைசியில் அவரே வழி சொன்னார். வசூல் ஆள் வீட்டுக்கு வந்தால் வருகைக் கட்டணம் ஐம்பது ஏறும். மொத்தம் நூற்று இருபத்தேழு. அதை வாங்கலாம்.

பிப்ரவரி 3
ஆளைக் காணோம். போன் செய்தேன். எழுபத்தேழு ரூபாய்க்கு யார் பொழியூர் வரை வருவது என்கிறார்கள்.

பிப்ரவரி 9
ஜினு சபையில் ஜெபத்துக்குச் சொல்லிவிட்டார் – ரெஜிலாவுக்கு 541, எழுநூறுக்கு மேலே வேண்டும் என்று. பெண்கள் சங்கச் செயலாளர் லீலாபாய் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சுகர் குறையணும்னுல்லா எல்லாரும் ஜெபிக்கது? உனக்கு என்னத்துக்கு மக்கா கூடணும்?" விளக்கினேன். வசூல் ஆள் எங்கள் வீட்டுக்குச் சீக்கிரம் வரவேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார்.

பிப்ரவரி 15
வந்துவிட்டார்! பெயர் வேலாயுதன், ஐம்பது வயதிருக்கும். லீலாபாய் அக்காவும் வந்திருந்தார். பதினோரு வருட வசூல் வேலையில் தன்னை யாரும் "வாருங்கோ" என்று சொன்னதில்லையாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தேன். பணத்தை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார்.
"இப்பம் தரப்பிடாது மக்கா. நான் கேக்கணும், நீ மாட்டேன்னு சொல்லணும். அப்பந்தான் கட்டணம் ஏறும்."
"செரி, கேளுங்கண்ணே."
"பணம் உண்டா?"
"உண்டு."
"ஐயோ, இல்லேன்னு சொல்லு."
"இல்ல. தரமாட்டேன். – இன்னும் கொஞ்சம் கறி விடட்டா?"
போனில் எதையோ குறித்தார். பத்து நிமிடத்தில் 127 என்று காட்டியது. ரசீது கைக்கு வந்ததும் ஏனோ எனக்கு அழுகை வந்துவிட்டது. மனிதர் பயந்துபோனார். "நான் ஒண்ணும் சொல்லலியே மக்கா!"

மார்ச் 3
பாக்கியில்லைச் சான்று வந்தது. அந்தக் கட்டணத்தை எனக்குத் தெரிவிக்கவே இல்லை என்றும் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. பதிவைத் திருத்தச் சொல்லி இரண்டையும் ஸ்கோர் போடும் கம்பெனிக்கு அனுப்பினேன். முப்பது நாள் ஆகுமாம்.

மார்ச் 17
ஜினு போனைத் தொட்டாலே, மறுபடி யாரிடமாவது கடன் கேட்கிறாரா என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 2
718.

ஏப்ரல் 29
வங்கிக் கடன் கிடைத்துப் பத்திரம் முடிந்தது. கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம்.

மே 17
வீடு மாற்றம். ஜினுவுக்கு இடுப்புப் பிடிப்பு. வேலாயுதன் அண்ணனிடம் உதவி கேட்டேன், டெம்போவோடு வந்துவிட்டார். டிரைவரும் அவருமாக அலமாரியைத் தூக்கி வாசலுக்கு வந்ததுதான் தாமதம், லீலாபாய் அக்கா நான்கு பெண்களோடு வழிமறித்தார்.
"கீழ வையும்! அவதான் கட்டியாச்சுல்லா? ரசீத நானும் கண்டதாக்கும்!"
ஜப்தி இல்லை, வீடுதான் மாறுகிறோம் என்று நான் ஓடிவந்து சொன்னேன். பாதிதான் நம்பினார். வேலாயுதன் அண்ணனைத் தொடவிடாமல் அலமாரியை அந்த ஐந்து பேருமே டெம்போவில் ஏற்றினார்கள். திருப்புறம் போய்ச் சேரும்வரை அக்கா பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டே வந்தார்.