ஆமென் சொல்லாத பிள்ளை

மார்ச் 2, சனி
விடுதியில் படிக்கும் மூத்த பேரன் கணக்கில் நூற்றுக்கு நூறு. அவன் தங்கை, எட்டு வயதுக்காரி, மனப்பாட வசனப் போட்டியில் முதல் பரிசு. மைக் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்களாம், அப்படிக் குரல். வெண்கலம் என்று சும்மாவா கூப்பிடுகிறோம்? மகள் வீட்டுப் பேத்திக்கு நீச்சலில் கோப்பை. அவள் தம்பி ஒன்பது மாதத்திலேயே நடக்கிறான். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வம்சம் இது! குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் படத்தில் நடுவில் நிற்பதும் நான்தான்.

மார்ச் 5, செவ்வாய்
இரவு ஜெபத்தில் வெண்கலம் ஆமென் சொல்லவில்லை. தொண்டை கட்டியிருக்கும்.

மார்ச் 6, புதன்
கட்டவில்லை. என்னோடு சண்டை போட மட்டும் குரல் வருகிறது.

மார்ச் 8, வெள்ளி
மகனுக்கு வேறு ஊர்க் கிளையில் மேலாளர் வேலை. மருமகள் தன் ஆய்வக வேலையை விட்டு வரமாட்டேன் என்கிறாள். முகம் கொடுத்துப் பேச்சில்லை, பேசுவதெல்லாம் ஜெபத்தில்தான். "ஆண்டவரே, இந்த வீட்ல சிலருக்குக் கீழ்ப்படியிற மனசைத் தாரும்" என்று அவன். "ஆண்டவரே, சிலருக்கு அடுத்தவங்க பேச்சைக் கேக்குற காதைத் தாரும்" என்று அவள். நான் விடுவேனா? "உமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை கர்த்தாவே" என்று தொடங்கி, ஒருவேளை தெரியாமல் போயிருந்தால் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். சாப்பாடு ஆறிப்போயிற்று.

மார்ச் 10, ஞாயிறு
வெண்கலத்தைத் தனியே பிடித்தேன்.
"ஏண்டி ஆமென் சொல்ல மாட்டேங்கிற?"
"அப்பாவுக்குச் சொன்னா அப்பா கட்சி. அம்மாவுக்குச் சொன்னா அம்மா கட்சி."
"அப்ப என் ஜெபத்துக்குச் சொல்லு."
"உங்களதும் அப்பா கட்சிதான பாட்டி."
பிறகு, "ஆமென்னா அப்படியே ஆகட்டும்னுதான அர்த்தம்? நான் சொல்லி, அப்பா மட்டும் போயிட்டா?" என்றாள்.
இத்தனை நாளும் இந்தப் பிஞ்சு தன் தலையில் இதையா சுமந்துகொண்டிருந்தது?

மார்ச் 12, செவ்வாய்
எங்கள் சபைப் பாஸ்டரம்மா குடும்ப ஆலோசனைக்கென்றே படித்தவர். ஆனாலும் நம் வீட்டுக் கதையை வெளியே விடலாமா? "பக்கத்து வீட்ல ஒரு பிள்ளை..." என்று ஆரம்பித்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை பிள்ளையோட அப்பா அம்மாவை வரச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுப் பாட்டியும் வரணும்" என்றார்.

மார்ச் 16, சனி
போனோம். பாஸ்டரம்மா கேட்டார்: "நீங்க ஆண்டவர்கிட்ட பேசுறீங்களா, இல்ல அவரை நடுவுல நிக்க வெச்சு ஒருத்தரையொருத்தர் திட்டுறீங்களா?"
மகன் தரையைப் பார்த்தான். மருமகள் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். நல்லாக் கேட்டாரே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
"பாட்டிம்மா, உங்களையும்தான்."
வழக்கு இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நேருக்கு நேர் பேச வேண்டுமாம். யார் பக்கமும் நீ நிற்க வேண்டாம், இதில் உன் தப்பு எதுவும் இல்லை என்று இருவரும் சேர்ந்தே பிள்ளையிடம் சொல்ல வேண்டுமாம். "கொஞ்ச நாளைக்கு அவ ஜெபிக்கட்டும். நீங்க மூணு பேரும் ஆமென் சொல்லுங்க."
நானா? சரி.

மார்ச் 17, ஞாயிறு
இருவரும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்கள். இரவு ஜெபித்தாள்: "ஆண்டவரே, கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்."
மூன்று பேரும் விழித்தோம்.
"சொல்லுங்க!"
சொன்னோம். மகனும் மருமகளும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். டீச்சருக்காக நான் தனியே ஜெபித்துக்கொண்டேன்.

மார்ச் 20, புதன்
உள்ளே கதவைச் சாத்திப் பேசுகிறார்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. கதவு கனம்.

ஏப்ரல் 6, சனி
மகன் மட்டும் புது வேலைக்குப் போயிருக்கிறான். வாரக் கடைசியில் வருவான். ஒரு வருடம் பார்த்துவிட்டு மறுபடி பேசுவார்களாம். எனக்குச் சம்மதமில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.
இன்று அவன் வந்திறங்கியதும் பேருந்து நிலையத்தில் இருவரும் வெண்கலத்தின் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். "ரெண்டு பேரும் மெதுவா நடங்க, என் கால் சின்னது!" என்று அவள் போட்ட சத்தத்தில் நடத்துனர் திரும்பிப் பார்த்தார்.
வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் சொன்னேன்: "எல்லாரும் சேர்ந்து புதுசா ஒரு படம் எடுத்துக் குடும்பக் குரூப்புல போடும்மா. நீ நடுவுல நில்லு."