என் வேலைக்கு நானே மனு

மார்ச் 4
எங்கள் கல்லூரியை நகரத்துப் பெரிய கல்லூரியோடு இணைத்தாயிற்று. அரசாங்கத்துக்குச் சிக்கனமாம். பள்ளியில் ஆங்கிலத்தில் தேறாதவர்கள், குழாய் வேலை படிக்க இங்கே வந்தாலும் தேறும்வரை ஆங்கிலம் எழுதியே ஆக வேண்டும். அவர்களுக்குப் பாடம் நடத்த நானும் பெவர்லியும் இருந்தோம். இனி ஒரே இடம்தான். பதினான்கு வருடமாகச் செய்யும் வேலைக்கு நானே மனுப் போட்டு, நேர்காணலுக்கும் போக வேண்டுமாம்!

மார்ச் 5
கோப்பைகளைக் கழுவிக்கொண்டே பெவர்லி சொன்னாள்: “நான் மனுப் போடலடி நோரீன். குடுக்குற பணத்த வாங்கிட்டுக் கெளம்புறேன். நீ தைரியமா இரு.”
அழுதுவிட்டேன்.

மார்ச் 19
நாளை நேர்காணல்.

மார்ச் 20
காத்திருக்கும் அறையில் பெவர்லி! இஸ்திரி போட்ட கோட்டோடு.
“என் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சுடி. வீட்ல வேற வருமானம் இல்ல. உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?”
கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே, பாவி.
உள்ளே, குழுவினர் மாணவர்களாக நடிப்பார்கள். நான் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். துணை முதல்வர் க்ராதர் மேசைக்கடியில் போனைப் பார்த்தார். நடிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். “தம்பி, போனை உள்ள வை. இல்லன்னா எந்திரிச்சு வெளிய போ.”
வைத்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே பார்த்திருக்கிறார். இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மார்ச் 27
பெவர்லிக்குக் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 2
பெவர்லி வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் கேக். நான் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். நான் கெட்டவளா? இருந்துவிட்டுப் போகிறேன்.

செப்டம்பர் 22
ஆள் அனுப்பும் நிறுவனத்திலிருந்து அழைப்பு. ஒரு கல்லூரிக்கு ஆங்கிலம் நடத்த உடனே ஆள் வேண்டுமாம், மணிக்கணக்குக் கூலிக்கு. எந்தக் கல்லூரி என்று கேட்டேன். எங்களுடையதேதான். ஒருத்தியால் சமாளிக்க முடியவில்லையாம். சிரிப்பதா, திட்டுவதா? வருகிறேன் என்றேன். வாடகை கட்ட வேண்டுமே.

செப்டம்பர் 24
வாசலில் ‘பார்வையாளர்’ என்று சிவப்பு நாடாவைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பார்வையாளர் தனியாக நடக்கக் கூடாது. அழைத்துப்போகப் பெவர்லி வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். ஒவ்வொரு கதவையும் தன் அட்டையைக் காட்டித் திறந்துவிட்டாள். எனக்கு வழி தெரியாதா என்ன!
வகுப்பு வாசலில் நின்றாள். “என்னால முடியலடி. உன்னைத்தான் வேணும்னு கேட்டேன்.”
“கதவைத் திற.”
திறந்தாள். ஆனால் போகவில்லை. என்மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற சான்று இன்னும் வந்து சேரவில்லையாம். வரும்வரை ஊழியர் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டுமாம். ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள்! இதற்குத்தானா இத்தனை சிக்கனம்?
பின்வரிசையில் பையன்களோடு உட்கார்ந்து, போனை எடுத்தாள். நான் பார்த்தேன்.
“வெச்சுட்டேன் மிஸ்,” என்றாள்.
சிரித்துவிட்டேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். திரும்பும்போது அவள்தான் வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.