அப்பா மிதித்த பிரேக்

என் செல்ல வாலுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், அப்பா நலம், கார் இன்று மதியத்திலிருந்து ரொம்பவே நலம், வாசல் கேட் மட்டும் இன்னும் வளைந்தபடி நிற்கிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் இருமல் நின்றதா? போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், உன்னோடு பேச மாட்டார், கேட்க மட்டும் கேட்பார், அதனால்தான் எழுதுகிறேன். அவர் கேட்டில் காரை இடித்த அன்று, போதும்ப்பா இனிமேல் ஓட்டாதீங்க என்று சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து மனுஷர் உர்ரென்றுதான் இருக்கிறார். தப்பு தன்மேல் இல்லையாம், பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போகிறதாம், தபால்காரரைக்கூட நிறுத்திச் சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று என் வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். உள்ளதைச் சொல்கிறேனே, தப்பு பிரேக்கில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. பிரேக் என்றால் சரி செய்துவிடலாம் பார்.

டிரைவிங் ஸ்கூலில் அத்தனை வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளுக்காக பிரேக் மிதித்தவள் நான், வேலையை விட்ட அன்றே இனி ஸ்டியரிங் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் அங்கே மெக்கானிக் செய்வதைப் பார்த்துப் பார்த்து, பிரேக்கில் ஏர் எடுக்கக் கற்றது மறக்கவில்லை. அது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆயில் போகிற குழாயில் காற்று புகுந்துவிட்டால் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற நிப்பிளை, அதாவது அந்தக் குட்டித் திருகை, திறந்து காற்றையும் பழைய ஆயிலையும் ட்யூப் வழியாக பாட்டிலில் விட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம், அவசரப்பட்டு எடுத்தால் போன காற்று வந்த வழியே திரும்பிவிடும். இன்று காலை ஜாக்கி போட்டு, அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து ஆரம்பித்தோம். அப்பா உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டார், நான் தரையில். மிதிங்க என்பேன், மிதிச்சாச்சு என்பார், மூடியதும் விடுங்க என்பேன். பின்சக்கரத்தில் கறுப்பு டிகாக்ஷன் மாதிரி ஆயில் வந்தது, கூடவே நாலைந்து குமிழி. நான் சொன்னேன்ல, காத்துதான் என்று அவருக்கு ஒரே கொண்டாட்டம்.

அடுத்த சக்கரத்தில் குமிழி நிற்கவே இல்லை. மரை தேய்ந்துவிட்டதோ என்று பார்த்தேன், ட்யூபை மாற்றினேன், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரை மனசுக்குள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன், மேலே தொட்டியில் ஆயிலை ஊற்றி ஊற்றி டப்பா பாதி காலி. அப்புறம்தான் கவனித்தேன், ட்யூபில் முன்னே போன ஆயில் பின்னாலேயே திரும்பி வருகிறது. மூடுவதற்குள் காலை எடுக்காதீங்க என்றால், எடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். எழுந்து கார் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தார். கை சலித்ததும் பாதம் தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்துவிட்டு முதலில் செருப்பு வழுக்குது என்றார். அப்புறம் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மிதிக்கிறதாத்தான் நினைக்கிறேன். கால் கேக்க மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தான்" என்றார்.

சண்டை போட எனக்கு நூறு காரணம் இருந்தது. ஆனால் சீட்டில் உட்கார்ந்து பயப்படுகிறவரை நான் என்றைக்குத் திட்டியிருக்கிறேன். "கைக்கு ஒண்ணும் இல்லையே, வாங்க, ஸ்பேனரை நீங்க பிடிங்க, நான் மிதிக்கிறேன்" என்றேன். குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கைக்கு ஸ்பேனர் வந்ததும் வாய்க்கும் வலு வந்துவிட்டது, மிதி, பிடி, அவசரப்படாதே, என்னத்தைச் சொல்லிக்கொடுத்தியோ அந்த ஸ்கூலில் என்று ஒரே அதிகாரம், பிரேக்கையே இவர்தான் கண்டுபிடித்த மாதிரி. நான்கு சக்கரமும் முடிந்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. ஆயில் பட்ட இடமெல்லாம் பெயிண்ட் உரியும் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் டிரைவர் சீட்டிலேயே இருந்தேன், எழுந்திருக்கவா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவரும் கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். தெருமுனையில் நான் பிரேக் போட்டபோது அவரும் கூடவே வெறும் தரையை மிதித்தார். "நின்னுச்சு பாத்தியா, நம்ம வேலை" என்றார். சிரித்தேன், அழுகையும் வந்தது, கண்ணில் தூசி என்று சமாளித்தேன். வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் போகிறோம், வர ஒப்புக்கொண்டார், நான் மெதுவாக ஓட்டினால் மட்டும்தானாம்.

உன் காரிலும் பிரேக் ஆயில் அளவைப் பார்த்துக்கொள், திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்றாதே, அது ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சும்மா மல்லுக்கு நிற்காதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் பத்திரமாகப் போய் வந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், நான் எடுத்து அப்பாவிடம் நீட்டிவிடுவேன். காலைப் பற்றிக் கேட்காதே. பிரேக் எப்படி இருக்கு அப்பா என்று கேள், காலைப் பற்றி அவரே சொல்லுவார்.

ஆசையுடன்,
உன் அம்மா, இப்போது இந்த வீட்டு டிரைவர்.