வரவேற்புப் பட்டியலில் உன் பெயர்

மச்சான்,

இன்று காலை சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போனில் ஓர் அறிவிப்பு. நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் உன் பெயரில் இருக்கும் பேச்சுப் பக்கத்தில் யாரோ எழுதியிருக்கிறார்களாம். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது, உன்னிடம் யாருக்கு என்ன பேச்சு என்று திறந்து பார்த்தேன்.

சேத்தியாத்தோப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண். நம் களஞ்சியத்தில் புதிதாகச் சேர்ந்து, தன் ஊர்ச் சந்தையைப் பற்றி முதல் கட்டுரை எழுதியிருக்கிறார். "ஐயா, தயங்காம எழுதுங்கன்னு நீங்கதானே வரவேற்றீங்க. எழுதினேன். மறுநாளே காணோம். என்ன தப்புன்னு சொன்னா திருத்திக்குவேன்" என்று கேட்டிருந்தார்.

கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தானாகப் போகும் வரவேற்பில், நம் ஆட்களின் பெயர்கள் மாறி மாறிக் கையெழுத்தாக விழுமே, அந்தப் பட்டியலிலிருந்து உன் பெயரை யாரும் எடுக்கவே இல்லை. செத்தவன் வாங்க வாங்க என்கிறான், உயிரோடு இருக்கிற நாங்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வெட்கக்கேடு.

அந்தக் கட்டுரையை நீக்கியது யார் தெரியுமா? நான்தான். புத்தகம், செய்தித்தாள் என்று எந்தச் சான்றும் இல்லை என ஒரு வரி போட்டு நீக்கினேன். எழுதியவர் பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

நீ திட்டுவதற்கு முன் என் வயிற்றெரிச்சலையும் கேள். போன மாதம் சிதம்பரத்தில் பயிற்சி முகாம் நடத்தினேன். நல்ல கூட்டம். எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள், சான்றிதழ் வாங்கினார்கள், வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஒரு ஈ காக்கா இல்லை. பழைய ஆட்களைக் கூப்பிட்டால் வேலை ஜாஸ்தி மாமா என்கிறார்கள். நான் ஒருத்தன் உட்கார்ந்து, கட்டுரை என்று வந்து விழும் விளம்பரக் குப்பையை அள்ளிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடுப்பில் நல்லது கெட்டது பார்க்காமல் கை போய்விடுகிறது.

உனக்கு மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு பொறுமையோ. திருப்பாதிரிப்புலியூரில் உன் செல்போன் ரிப்பேர் கடையில், பிரித்த போனை அப்படியே போட்டுவிட்டு, முன்பின் தெரியாத யாருக்கோ போனில் கட்டுரைக்குச் சான்று போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாய். போனைக் கொடுத்தவர் எதிரே நின்று முறைப்பார். செம்மங்குப்பத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர் எழுதிய கட்டுரையை நான் நீக்கப் போனபோது தடுத்தாய். வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துப் பஸ் ஏறிப் போய், டீக்கடையில் அவரோடு உட்கார்ந்து திருத்திவிட்டு வந்தாய். நீ இருந்தவரை அவரும் எழுதினார்.

"மொத கட்டுரைய பாக்காத மச்சான், ஆள பாரு" என்பாய்.

இது கலைக்களஞ்சியம், வாசலில் நின்று பன்னீர் தெளிக்கக் கல்யாண மண்டபம் இல்லை என்று நான் எரிந்து விழுவேன். அந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டாய். வருகிற கேள்விக்கெல்லாம் யார் பதில் சொல்வது என்று தட்டிக் கழித்தேன்.

"பதில் சொல்லத்தான் பேரு" என்றாய்.

பஸ்ஸிலேயே கட்டுரையை மீட்டுப் போட்டேன். சான்று இல்லையென்று நீக்கியது நான்தான், உங்களிடம் எடுத்துச் சொல்லாமல் நீக்கியது என் தப்பு, ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கே வருகிறேன், சேர்ந்து சரிசெய்யலாம் என்று அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். பிறகு பட்டியலைத் திறந்தேன். யோசிக்காமல் எத்தனையோ பக்கங்களை நீக்கிய கை, உன் பெயர் ஒன்றை எடுக்க ஆலப்பாக்கம் தாண்டும்வரை தயங்கியது. எடுத்துவிட்டேன் மச்சான், கோபித்துக்கொள்ளாதே. அந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

கடலூரில் இறங்குவதற்குள் அந்தப் பெண்ணின் பதில் வந்துவிட்டது. "சந்தைய பொறந்ததுலேர்ந்து பாக்குறேன் சார். அதுக்குப் போயி என்ன சான்று?"

சுர்ரென்று கோபம் ஏறியது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பஸ் ஸ்டாண்டிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்து, பதில் எழுத ஆரம்பித்தேன்.