ஏழு தடவை திறந்த கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் என் முழங்காலும் சுகம். இரண்டு பேரில் நான் கொஞ்சம் பரவாயில்லை. நீயும் மருமகளும் குட்டிப்பயலும் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் தினமும் கதவைப் பூட்டிவிட்டுப் படுக்கிறேன். மெயில் இருக்க எதற்குத் தாளும் பேனாவும் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது, ஆனால் அது எனக்குப் பெருமை சேர்க்கிற காரணம் இல்லை, அதனால் மெதுவாகத்தான் அதற்கு வருவேன். உங்கம்மா போன பிறகு வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம்தான். அதுவும் இப்போது அடிக்கடி நின்றுவிடுகிறது. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கைதான், ஆனாலும் ஃபிரிட்ஜைத் தொட்டால் அது ஒரேயடியாக வாயை மூடிவிடுமோ என்று பயந்து தொடாமல் இருக்கிறேன்.

இப்படி இருக்கையில் காது மெஷின் விற்கிற கம்பெனி ஒன்று எனக்கு மெயில் அனுப்ப ஆரம்பித்தது. வணக்கம் ஐயா, எப்படி இருக்கிறீர்கள் என்று தொடங்கும். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது, பேசத்தான் ஆளில்லை. ஆனாலும் அந்த முதல் வரிக்காகவே திறந்து திறந்து பார்ப்பேன், சிரிக்காதே. நான் திறந்த மறுநாளெல்லாம் அவர்கள் ஆள் ஒருவன் போன் செய்து, செவிடனிடம் பேசுகிற மாதிரி கத்துவான். ஒரு மெயிலைப் பதினோரு தடவை திறந்ததையும் சொல்லி, இவனுக்கு எப்படி மூக்கில் வேர்க்கிறது என்று மேல்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் விளம்பரக் கம்பெனியில் இப்படி மெயில் அனுப்புகிற வேலைதான் பார்க்கிறாள். ஒரே மெயில பதினோரு தடவ தொறந்தா அவன் விடுவானா அங்கிள், வாங்கத் துடிக்கிறீங்கன்னுல்ல நெனப்பான் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகுதான் விளக்கினாள். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் வைத்திருப்பார்களாம், புள்ளியைவிடச் சின்னது, பின்னாலிருக்கிற வெள்ளையோடு வெள்ளை. அந்தப் படம் இருப்பது அவர்களுடைய கம்ப்யூட்டரில். நாம் மெயிலைத் திறந்ததும் நம் போன் அங்கே போய் அதை எடுத்துவருகிறது. போன இடத்தில் எத்தனை மணிக்கு, எத்தனையாவது தடவை, ஏறக்குறைய எந்த ஊரிலிருந்து என்று எல்லாவற்றையும் உளறிவிட்டு வருகிறது. என் போனும் என்னை மாதிரியே ஓட்டை வாய்.

இதைக் கேட்டு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆசை. நீ என் மெயிலைப் படிக்கிறாயா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாமே என்று அவளிடமே கேட்டேன். வேணாம் அங்கிள், நல்லாருக்காது, அந்த எண்ணிக்கையும் எப்பவும் சரியா இருக்காது என்றாள். நான் கேட்டால்தானே. நம் மெயிலிலும் அந்தப் புள்ளியை இலவசமாக வைத்துத் தருகிறோம் என்ற ஒரு ஆப்பைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டேன். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று வெளியே விளக்கு காட்டுமே, அதுபோல என் கடிதத்துக்கும் ஒரு விளக்கு, இதில் என்ன குற்றம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்படித்தான் ஐந்து மெயில் அனுப்பினேன். ஐந்தாவதில், இந்த வருஷமாவது ஒரு நடை வந்து போகிறாயா என்று கேட்டிருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அதை நீ ஏழு தடவை திறந்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை போனில், இன்னும் பாக்கலப்பா, வேலை அதிகம் என்றாய். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுத்த இரண்டு ஞாயிறும் நீ கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. பிறகு எடுத்தபோது ஏன் என்று நீ கேட்டதற்கு, போன் அடித்தது காதில் விழவில்லை என்று புளுகினேன். பாவம், நீ உடனே காது மெஷின் வாங்கி அனுப்பட்டுமா என்றாய்.

அதன்பிறகு ஒருநாள் மாவரைத்துக்கொண்டு நிற்கையில் திடீரென்று உறைத்தது. லிஃப்ட் பொத்தானை ஒருவன் ஏழு தடவை அமுக்கினால் அவனுக்கு ஏற மனமில்லை என்று எந்த மெக்கானிக்காவது சொல்வானா? அவன் போகத்தான் துடிக்கிறான், பெட்டிதான் வரவில்லை. நீயும் பதில் தேடித்தான் திறந்திருக்கிறாய், கிடைக்கவில்லை. லீவா, வேலையா, வேறு கஷ்டமா, எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லலாமா கூடாதா என்று நீ தனியாக உட்கார்ந்து தவித்த நேரத்தில், அப்பன் சன்னல் இடுக்கில் நின்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ சொன்னது பொய்தான், ஆனால் நான் செய்தது அதைவிடக் கேவலம். அந்த ஆப்பை அன்றைக்கே அழித்துவிட்டேன். இதைத் தாளில் எழுதுவதும் அதனால்தான், இதை நீ எத்தனை தடவை பிரித்தாலும் எனக்குத் தெரியாது. இதைச் சொல்லாமலே விட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நீ என்னை நம்பிப் பேசுகிற ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் திருட்டுச் சோறாக இருந்திருக்கும். கோபம் வந்தால் திட்டி எழுது, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. வர முடியாது என்றால் முடியாது என்றே சொல். அப்பா உடைந்துபோக மாட்டேன், கீறல் விழும், அவ்வளவுதான்.

குட்டிப்பயலுக்கு என் முத்தங்கள். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் மனசுக்கு ஒருவர் நெருக்கமாக, நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மெயில் செட்டிங்கில் போய், படங்களைத் தானாகக் காட்டாதே, என்னைக் கேட்டுவிட்டுக் காட்டு என்பதுபோல ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடு, மருமகள் போனிலும் போடு. என் பழைய மெயில்களைத் திறப்பதற்கு முன்னால் போடு. நான் ஆப்பை அழித்தாலும் அந்தப் புள்ளி அவற்றுக்குள் இன்னும் கிடக்கிறதாம், நீ திறக்கத் திறக்க யாரோ முகம் தெரியாதவனிடம் சொல்லிக்கொண்டே இருக்குமாம். அதைப் போட்ட பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் படி, படிக்காமலும் இரு. எனக்குத் தெரிய வேண்டாம்.

வெட்கத்தோடும் பாசத்தோடும்,
உன் அப்பா