என் வானத்தில் வெள்ளைப் புள்ளிகள்

மாசி 9, வியாழன். ஏரி நடுவே தீவு. விடியலிலிருந்தே காற்று.

என் படத்தைக் கெடுத்தவன் வடமாலபேட்டைக் கோவிந்தன். வேறு யாரும் இல்லை. நேற்று மாலை முடித்த வானம், இன்று காலை பார்த்தால் அம்மை வார்த்த முகம் மாதிரி. எங்கும் வெள்ளைப் புள்ளி. தொட்டால் பிசுபிசுப்பு. புத்தூர் ஏரிக்கரையில் பதினாலு வருஷமாக வரைகிறேன். யாரிடமும் கற்றதில்லை. கொட்டாங்கச்சியில் ஏரித் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு உட்காருவேன். இங்கேயும் அதேதான். அதே காகிதம், அதே வர்ணம். அங்கே கெடாதது இங்கே ஏன் கெட்டது?

ஒன்பது பேர் வந்திருக்கிறோம், திருப்பதி டிராயிங் மாஸ்டர் தலைமையில். நாலு நாள் தங்கி, வெட்டவெளியில் உட்கார்ந்து கரையையும் ஏரியையும் வரைய வேண்டும். ஆளுக்கு ஒரு படம் திருப்பதிக் கண்காட்சியில் மாட்டுவார்கள், கீழே பெயர் எழுதி. அறுபத்திரண்டு வயதில் என் பெயர் ஒரு சுவரில் ஏறப்போவது இதுதான் முதல் தடவை. அதில்தான் கை வைத்தான்.

கோ. மேல் சந்தேகம் ஏன்:

அவன் படம் பளிச்சென்று இருக்கிறது.

நம் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களைத் தெலுங்கு ராஜ்யத்திலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நான் எழுதிய மனு. வடமாலபேட்டையில் தெரிந்தவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். இவன் போடவில்லை. "எந்தப் பக்கம் போனாலும் என் கழனி அங்கியேதான கீது அண்ணா" என்று சிரித்தான். ஞாயிறுதோறும் சைக்கிளில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வரைகிறவன் பேசுகிற பேச்சா?

படகில் மாஸ்டரோடு ஒட்டி உட்கார்ந்து, வழியெல்லாம் தெலுங்கு.

பகல் மீன் குழம்பு. முள் அதிகம்.

மாசி 10, வெள்ளி. காற்று இல்லை. தூரத்தில் பூநாரைக் கூட்டம்.

பிடித்துவிட்டேன். விடியும் நேரம், என் கொட்டாங்கச்சி பக்கத்தில் கோ. குந்தியிருக்கிறான். இருந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு எதையோ ஊற்றினான்.

"இன்னாடா பண்ற அங்க?"

"ஒன்னும் இல்லண்ணா. கவுந்துக்கினு கெடந்துச்சி. நிமித்தி வச்சேன்."

பொய். அது கவிழாமல் இருக்க நான் கல் முட்டுக் கொடுத்திருந்தேன்.

அவன் ஊற்றியதை நான் கொட்டவில்லை. அதிலேயே வரைந்தேன். படம் கெட்டால் அதுவே சாட்சி.

கெடவில்லை. வெளுத்த வேட்டி போல் காய்ந்தது வானம். இவ்வளவு நல்ல வானம் நான் போட்டதே இல்லை. சரி, அவனுக்குப் பயம் வந்திருக்கும். கலந்ததை மாற்றியிருப்பான்.

பகல் சாப்பாட்டில் எல்லார் முன்னும் கேட்டேன்: "என் தண்ணியில இன்னாடா கலந்த? உன்னோட ஒண்ணா உக்காந்து துன்றதே பாவம்டா."

மாஸ்டர், "ஊருக்கோண்டி, பெத்தாயனா" என்று தெலுங்கில் அடக்கப் பார்த்தார். கோ. பாதிச் சாப்பாட்டில் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். மாலைவரை வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்தான், உதடு வெடித்து. எங்கள் யாரிடமும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

மாசி 11, சனி. மூட்டம்.

கரையிலிருந்து குடிதண்ணீர்ப் பானை கொண்டுவரும் படகுக்காரர் என் முதல் படத்தைப் பார்த்தார்.

"ஏரித் தண்ணியில கலர் கலக்கினீங்களா பெரியவரே? கடல் தண்ணி ஏர்ற ஏரி, எப்பிடிக் காயும்? எங்க கோமணத்தயே இதுல அலசினா காயாது. வாயில வச்சிப் பாத்தீங்களா?"

வைத்துப் பார்த்தேன். உப்பு. துப்பினேன்.

"மொத நாளே மாஸ்டர் சொன்னாரே. ஏரித் தண்ணியத் தொடாதீங்க, ஆளுக்கு நாளுக்கு ரெண்டு சொம்பு நல்ல தண்ணி, குடிக்கவும் கலருக்கும் அதான்னு."

சொல்லியிருப்பார். அவர் தெலுங்கில் ஆரம்பித்ததும் எழுந்து வந்தவன் நான். புரியாமல் அல்ல. தெலுங்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் எழுந்தேன்.

"அந்த வடமாலபேட்டக்காரர் நேத்து எங்கிட்ட இன்னொரு சொம்பு கேட்டார். 'என் பங்க எங்க அண்ணன் கொட்டாங்கச்சியில ஊத்திட்டேன். சொன்னா கோச்சிக்குவாரு'ன்னார். எங்கிட்ட ஏது?"

படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் அவன். சொல்லாதது தப்பு.

சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? மாட்டேன். அது வேறு விஷயம்.

நாளை படகு. அதற்குள் ஆக வேண்டியவை:

மாஸ்டர்: கண்காட்சிக்கு என் இரண்டாவது படத்தை எடுக்க வேண்டும். இனிமேல் தண்ணீர் விஷயத்தைத் தமிழிலும் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

படகுக்காரர்: வாயை மூடிக்கொண்டு படகு ஓட்ட வேண்டும்.

கோ.: கேட்காமல் என் கொட்டாங்கச்சியைத் தொட்டது தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மனுவில் கையெழுத்து அவன் இஷ்டம்.

நான்: இன்றைய என் பங்கு இரண்டு சொம்பும் தொடாமல் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் பார்க்க, அவன் முன்னால் வைக்க வேண்டும். அவன் குடித்து முடிக்கும்வரை எழுந்து போகக் கூடாது.